குறில், நெடில், நான்கு ஸ்பேட்

மும்பை மாதுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நானும் கணவரும் ஊரில் 304 சீட்டு ஆடிப் பழகியவர்கள். இங்கே பிரிட்ஜ் கற்றுக்கொள்ளப் போனோம். ஒருவர் 'ஒரு நோ டிரம்ப்' என்றதும் அவருக்கு எதிரே இருக்கும் துணை 'இரண்டு டைமண்ட்' என்கிறார். ஆட்டம் முடிந்து பார்த்தால் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு டைமண்ட்! இது ரகசிய சங்கேதமா? அப்படியென்றால் ஏமாற்று வேலைதானே?"

சங்கேதம்தான், ரகசியம் இல்லை. அந்த இடத்தில் 'இரண்டு டைமண்ட்' என்றால் 'என்னிடம் ஹார்ட் குறைந்தது ஐந்து இருக்கிறது, நீங்கள் இரண்டு ஹார்ட் சொல்லுங்கள்' என்று பொருள். ஆட்டம் தொடங்கியதும் ஏலம் எடுத்தவரின் துணை தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிடுவார்; வலுவான கை அப்படி விரிந்து எதிராளி பார்க்காமல் மறைத்து வைப்பதற்கான ஏற்பாடு இது. எதிரணிக்காரர் எவரும் தன் முறை வரும்போது "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கலாம், பதில் சொல்லியே ஆக வேண்டும். துணைக்கு மட்டும் தெரிந்த அர்த்தம் ஒன்று இருந்தால்தான் அது குற்றம். 304-இல் துருப்பைக் கவிழ்த்து வைத்து மறைப்பதே அழகு. பிரிட்ஜில் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிட்டு அதற்குள்ளேயே ஜெயிக்க வேண்டும்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே கட்சி, ஆளுக்கு 13 சீட்டு. ஏலத்தில் 'நான்கு ஸ்பேட்' என்றால், ஸ்பேட் துருப்பாக இருந்தால் 6 + 4 = 10 பிடிகள் எடுக்கிறோம் என்ற வாக்கு. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் சீட்டுக்கட்டு முழுவதும் 40 புள்ளி, சராசரிக் கை 10. இருவர் கையும் சேர்ந்து 25 வந்தால் 'கேம்' எனும் பெரிய போனஸுக்குப் போகலாம். 12 பிடி எடுக்கும் 'ஸ்லாம்' கேட்க, துருப்பில்லாத ஆட்டத்தில், அதாவது 'நோ டிரம்ப்'பில், 33 வேண்டும். இவ்வளவும் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது அவ்வளவாகச் சொல்லித் தராத விஷயம். ஏலம் என்பது ஒரே நேரத்தில் பேச்சும் விலையும். கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், நோ டிரம்ப் என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஏழு மட்டம். ஆக 35 படி. தாதர் ஸ்டேஷன் பாலத்தில் மாலை ஆறு மணிக்கு ஏறுகிற மாதிரி, மேலே மட்டும்தான் போகலாம், திரும்பி இறங்க முடியாது. ஒரு படி தாண்டினால் அது போனதுதான். கடைசியாக நின்ற படிதான் நீங்கள் நிறைவேற்ற வேண்டிய வாக்கு. பேசப் பேசச் செலவு கூடும் மொழி.

அந்த மொழியில் மொத்தம் எத்தனை வாக்கியம் சாத்தியம்? எதிரணி வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 35 படிகளில் ஒவ்வொன்றையும் மிதிக்கலாம் அல்லது தாண்டலாம். இரண்டை 35 தடவை பெருக்கினால் ஏறத்தாழ 3,436 கோடி. ஒருவர் கையில் வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகளோ 63,501 கோடி. ஏணி முழுவதையும் செலவழித்தாலும் சுமார் 18 கைகளுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைக்கும். ஆக, முழு உண்மையைச் சொல்லவே முடியாது; எதை விடுவது என்பதுதான் கேள்வி.

இனி வருவது இந்த ஆட்டத்திலேயே மிக அழகான இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இருவரில் ஒருவர் கேட்பவர், மற்றவர் சொல்பவர் என்று வைத்துக்கொள்வோம். சொல்பவர் ஒரு படியை மிதிக்கிறார். கேட்பவர் உடனே அடுத்த படியை மிதித்து "சரி, மேலே சொல்" என்கிறார். இதற்கு ரிலே முறை என்று பெயர். மிச்சம் n படி இருந்தால் எத்தனை வெவ்வேறு கைகளை விவரிக்கலாம்? சொல்பவருக்கு இரண்டே வழி. முதல் படியை மிதித்தால், அவர் பதிலுக்கு ஒன்று, கேட்பவரின் அடுத்த கேள்விக்கு ஒன்று என இரண்டு படி கழியும். முதல் படியை விட்டுத் தாண்டினால் ஒரு படி மட்டும் கழியும். ஒன்று கழிந்தால் குறில், இரண்டு கழிந்தால் நெடில்!

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது தொல்காப்பியக் கணக்கு. நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று பாருங்கள். நான்கும் குறில், ஒரு விதம். ஒரு நெடிலும் இரண்டு குறிலும், நெடில் நிற்கும் இடத்தைப் பொறுத்து மூன்று விதம். இரண்டும் நெடில், ஒரு விதம். மொத்தம் ஐந்து. நான்கு படி மிச்சமிருந்தால் விவரிக்கக்கூடிய கைகளும் சரியாக ஐந்து. மாத்திரை ஒன்றிலிருந்து தொடங்கினால் 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என்று ஓடும். பள்ளிப் புத்தகம் இதை ஃபிபொனாச்சி தொடர் என்கிறது. அவருக்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில், குஜராத்தின் ஹேமசந்திரர் யாப்புக்காக இதே கணக்கைப் போட்டுவிட்டார். செய்யுளை அளக்க வந்த எண்கள் சீட்டாட்ட மேசையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இதை வைத்து என்ன செய்வது? பத்துப் படி மிச்சமிருந்தால் 89 விதமான கைகள். அவற்றில் முதல் படிக்கு 34, இரண்டாம் படிக்கு 21, மூன்றாம் படிக்கு 13 ஒதுக்க வேண்டும். அதாவது வரக்கூடிய கைகளில் ஏறத்தாழ 38 சதவீதத்தை மிக மலிவான பதிலில் வைக்க வேண்டும், அடுத்ததில் 24, அதற்கடுத்ததில் 15. அடிக்கடி வரும் கைக்கு மலிவான படி, அபூர்வமான கைக்கு விலை உயர்ந்த படி. தமிழில் வா, போ, தா, நீ எல்லாம் ஓரெழுத்தில் நிற்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் தாங்களே ஒரு பதில் முறையை உருவாக்கி, எல்லாப் படிக்கும் சமமாகக் கைகளைப் பங்கு போடுவார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். நான்காவது கையிலேயே பாதி சொல்வதற்குள் ஐந்தாம் மட்டத்துக்கு ஏறி நிற்பார்கள்.

எதிரணி ஒன்றுமில்லாத கையோடு 'மூன்று ஹார்ட்' என்று கத்துவதன் மர்மமும் இதில்தான். ஏழு ஹார்ட்டைத் தவிர அவர் கையில் எதுவும் இருக்காது. வெற்றியை நம்பி அவர் அதைச் சொல்லவில்லை. உங்கள் படிகளைத் தின்பதற்காகச் சொல்கிறார். பத்துப் படியில் மூன்றைப் பறித்தால் மிஞ்சுவது ஏழு படி. 89 விதம் 21 ஆகச் சுருங்கிவிடும்.

எப்போது படியை வாரி இறைக்கலாம் என்பதற்கு ஒரு கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நீங்கள் 'ஒரு ஸ்பேட்' என்று தொடங்குகிறீர்கள். துணையின் கை: ஸ்பேட் கிங், 10, 8, 4, ஹார்ட் ஏஸ், 7, 5, 3, டைமண்டில் 6 மட்டும், கிளப் கிங், குயின், 7, 4. மொத்தம் 12 புள்ளி. அவர் பன்னிரண்டு படிகளை விழுங்கிக்கொண்டு நேரே 'நான்கு டைமண்ட்' என்கிறார். 'ஸ்பேடில் நாலு சீட்டு இருக்கிறது, கேமுக்குப் போதுமான பலம் இருக்கிறது, டைமண்டில் ஒன்றுக்கு மேல் இல்லை' என்பது அதன் பொருள். இதை ஸ்பிளின்டர் என்பார்கள். ஒரே மூச்சில் மூன்று செய்தி, விலை தகும்.

இப்போது உங்கள் கை ஸ்பேட் ஏஸ், குயின், 7, 5, 3. ஹார்ட் கிங், 8. டைமண்ட் கிங், 10, 4. கிளப் ஜாக், 6, 2 என்றால் 13 புள்ளி. டைமண்ட் கிங் வீண். அந்த ஜாதியில் துணையிடம் இருப்பது ஒற்றைச் சீட்டு, அடுத்த சுற்றில் எப்படியும் துருப்பால் வெட்டப் போகிறார். டைமண்ட் ஏஸ், கிளப் ஏஸ் இரண்டும் எதிரணியிடம். 11 பிடிக்கு மேல் வராது. 'நான்கு ஸ்பேட்' என்று நின்றுகொள்ளுங்கள்.

அந்த டைமண்ட் கிங்கையும் கிளப் ஜாக்கையும் எடுத்துவிட்டு, டைமண்ட் 10, 7, 4. கிளப் ஏஸ், 6, 2 என்று மாற்றினால்? அப்போதும் அதே 13 புள்ளிதான். ஆனால் ஸ்பேடில் ஐந்து, துணை கையில் டைமண்டை வெட்டி இரண்டு, ஹார்ட்டில் இரண்டு, கிளப்பில் மூன்று. எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு. இருவர் புள்ளியும் சேர்த்து 25-ஐத் தாண்டவில்லை, ஸ்லாம் வந்துவிட்டது! புள்ளிக் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே; எந்தப் புள்ளி எதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல ஏலம் வேண்டும்.

அந்த இரண்டாம் கையோடு நீங்கள் 'நான்கு நோ டிரம்ப்' கேட்டு, நான்கு ஏஸும் துருப்புக் கிங்குமாக ஐந்தில் துணையிடம் எத்தனை என்று விசாரிக்கலாம். அவரிடம் இரண்டு; துருப்புக் குயின் இல்லை. பதில் 'ஐந்து ஹார்ட்'. உங்கள் இரண்டோடு நாலு ஆயிற்று, ஒன்றுதான் குறைகிறது, 'ஆறு ஸ்பேட்'. இரண்டு குறைந்திருந்தால் 'ஐந்து ஸ்பேட்' என்று ஒதுங்க ஒரு படி மிச்சம் இருந்தது. இதே கேள்வியைக் கிளப் துருப்பாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். மிகக் கீழான 'ஐந்து கிளப்' தவிர எந்தப் பதில் வந்தாலும் 'ஐந்து கிளப்'பைத் தாண்டிவிடும். ஏஸ் இரண்டு குறைகிறது என்று தெரிந்துகொண்டே ஆறுக்குப் போய் விழ வேண்டியதுதான். அதனால்தான் அனுபவஸ்தர்கள் கேட்கும் முன்பே "எந்தப் பதில் வந்தால் என்ன செய்வேன்?" என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். எல்லாப் பதிலுக்கும் வழி இல்லையென்றால் கேள்வியே கேட்பதில்லை.

சரி, யார் முடிவெடுப்பது? தன் கையைக் குறுகிய வரம்புக்குள் சொல்லிவிட்டவர் அதற்குமேல் பேசக்கூடாது. 'ஒரு நோ டிரம்ப்' என்றால் 15 முதல் 17 என்று சொல்லியாயிற்று. இனி கப்பலை ஓட்டுவது எதிரே இருப்பவர். அவரிடம் 7 வரை இருந்தால் பாஸ், 8 அல்லது 9 என்றால் 'இரண்டு நோ டிரம்ப்' என்று அழைப்பு, 10 என்றால் நேரே 'மூன்று நோ டிரம்ப்'. அழைப்பு வந்தால் 17 உள்ளவர் ஏறுவார், 15 உள்ளவர் நிற்பார்.

அணிப் போட்டியில் இந்த இழுபறிக்குத் துல்லியமான எண்ணே உண்டு. போனஸும் அபராதமும் கூடுதலாக இருக்கும் 'வல்னரபிள்' நிலையில் நான்கு ஸ்பேட் கேட்டு 10 பிடி எடுத்தால் 620. மூன்றில் நின்று 10 எடுத்திருந்தால் 170. வித்தியாசம் 450, அதைப் போட்டிப் புள்ளியாக மாற்றும் ஐ.எம்.பி. அட்டவணையில் 10. கேட்டு ஒன்று குறைந்தால் இழப்பு 100; மூன்றில் நின்றிருந்தால் வரவு 140. வித்தியாசம் 240, அதாவது 6. கிடைத்தால் 10, போனால் 6; ஆகவே 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே கேட்கலாம். ஒரு ஃபினஸ் (எதிரணியின் பெரிய சீட்டு இன்னார் கையில்தான் என்று நம்பி ஆடுவது) பலித்தால் போதும் என்றால் 50 சதவீதம், தயங்காதீர்கள். இரண்டு ஃபினஸும் பலிக்க வேண்டுமென்றால் 25, விட்டுவிடுங்கள். எதிரணியிடம் உள்ள ஐந்து சீட்டு 3-2 ஆகப் பிரிந்தால் போதும் என்றால் 68. நான்-வல்னரபிளில் இந்த எல்லை 45-க்கு மேல் ஏறிவிடும்.

இங்கேதான் பல ஜோடிகள் கவிழ்கின்றன. 37.5 என்பது இருவருக்கும் சேர்த்து ஒரு சலுகை. அழைப்பவரும் "கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை" என்று அழைத்து, ஏற்பவரும் "கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை" என்று ஏற்றால், ஒரே சலுகையை இரண்டு தடவை செலவழித்தாயிற்று. 22 புள்ளியில் கேம் கேட்டு உட்கார்ந்திருப்பார்கள். அழைப்பவர் கறாராக அழைக்க வேண்டும், ஏற்பவர் தாராளமாக ஏற்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்தால் போதும். வீட்டில் கணவன் மனைவி ஆடும்போது இதைப் பேசாமலேயே விட்டுவிட்டு, தோற்றபின் "நீதானே கேட்டே" என்று தொடங்குவார்கள்.

"இன்று கை வரவில்லை", "அந்த நாற்காலி ராசியில்லை" என்பவர்களுக்காக ஒன்று. டூப்ளிகேட் பிரிட்ஜில் ஒரே சீட்டுகளை எல்லா மேசையிலும் சுற்றவிடுவார்கள். உங்களுக்கு வந்த மோசமான கைதான் பக்கத்து மேசையில் அதே திசையில் இருந்தவருக்கும் வந்தது. ராசி தானாகக் கழிந்துவிடுகிறது. சீட்டு என்றாலே சூது என்று முகம் சுளிப்பவர்களும் கவனிக்க வேண்டும்: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியது பிரிட்ஜில்தான். பிரணாபுக்கு அப்போது வயது 60.

2022 மார்ச்சில் பாரிஸில் நூக் என்ற கணினி நிரல் எட்டு உலகச் சாம்பியன்களோடு போட்டியிட்டு, 80 சுற்றுகளில் 67-ஐ வென்றது. ஆனால் அந்தப் போட்டியில் ஏலமே கிடையாது. சீட்டு இறக்கும் பகுதியை மட்டும் ஆடினார்கள். ஏலத்தைச் சேர்த்தால், ஒருவர் மனத்தில் இருப்பதை மற்றவர் ஊகிக்கும் மொழிப் பிரச்சினை உள்ளே வந்துவிடுகிறது. நம் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு என்றால் முகம் அடையாளம் காணும் திட்டத்துக்குத்தான் பணம் கிடைக்கிறது. குறைந்த சொற்களில் கூட்டாக முடிவெடுக்கும் இந்தப் பிரச்சினைக்குச் சிறிது ஒதுக்கினால் நல்ல முனைவர் ஆய்வுகள் வரும் என்பது என் கட்சி.

வாசகியின் இரண்டாவது சந்தேகம், ஏமாற்று. அது ஏலச் சொல்லில் நடப்பதில்லை, சொல்லும் விதத்தில் நடக்கிறது. 'மூன்று ஸ்பேட்' என்பதற்கு முன் ஒருவர் அரை நிமிடம் யோசித்தால், 'இன்னும் கொஞ்சம் இருக்கிறது' என்ற செய்தி படிச் செலவில்லாமல் துணைக்குப் போய்விடுகிறது. அதனால் விதி இப்படி: துணையின் தயக்கம் எதைச் சுட்டுகிறதோ, நியாயமான மாற்று வழி இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. குரலின் ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்கத்தான் ஏல அட்டைப் பெட்டிகள். பெரிய போட்டிகளில் மேசையின் குறுக்கே திரையும் உண்டு. 1975-இல், உலக அணிச் சாம்பியன் போட்டியான பெர்முடா கோப்பையில்தான் அதை முதலில் வைத்தார்கள். அந்தப் போட்டியிலேயே ஒரு ஜோடி மேசைக்கு அடியில் காலால் தட்டிக்கொண்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, கீழேயும் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று.

நீங்களும் கணவரும் அடுத்த வாரம் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நோ டிரம்ப் எத்தனை முதல் எத்தனை, ஒரு ஸ்பேடுக்கு ஐந்து சீட்டு வேண்டுமா, நான்கு போதுமா, அழைப்பை யார் கறாராக வைப்பது, நான்கு நோ டிரம்புக்கு ஒவ்வொரு பதிலும் எதைக் குறிக்கிறது. நான்காவதை எழுதும்போது கிளப் துருப்பு என்றால் என்ன செய்வது என்று தனி வரி போடுங்கள்.