தபால் ஓட்டு, வாராதோர் வாக்கு, முன்வாக்களிப்பு

அமெரிக்காவில் நவம்பர் தேர்தல் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளிலும் அந்தப் பேச்சு அடிபடும். அங்கே குடியுரிமை வாங்கிவிட்ட பேரன் போனில், "ஆப்சென்டீ பேலட் போட்டாச்சு ஐயா" என்பான். "தபால் ஓட்டுதானே?" என்று இவர் கேட்பார். பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தபால் ஓட்டு என்பது ஓட்டு எந்த வழியில் போகிறது என்பதைச் சொல்கிறது. ஆப்சென்டீ என்பது ஓட்டுப் போடுகிறவர் யார் என்பதைச் சொல்கிறது: தேர்தல் நாளில் தன் வாக்குச்சாவடிக்கு வராதவர். 'ஏர்லி வோட்டிங்' என்பது எப்போது என்பதைச் சொல்கிறது. தேர்தல் நாளுக்கு முன்பே ஒரு மையத்துக்கு நேரில் போய்ப் போடுவதும் அதில் சேரும். அப்படி நேரில் போடும்போது தபாலுக்கு வேலையே இல்லை. ஒருவரே மூன்றுக்கும் பொருந்தலாம் என்பதால்தான் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஆப்சென்டீ என்ற சொல்லின் பிறப்பு அவ்வளவு நல்லதில்லை. 16ஆம் நூற்றாண்டில், அயர்லாந்தில் நிலத்தை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் போய் உட்கார்ந்துவிட்ட நிலக்கிழார்களை அப்படி அழைத்தார்கள். அது குற்றம் சொல்லும் சொல். ஊரில் இல்லாதவர் வாக்களிக்கும் வழக்கம் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதுதான் அழுத்தமாகக் கால் ஊன்றியது. 1864இல் லிங்கன் மறுபடி போட்டியிட்டபோது, பல மாநிலங்கள் போர்முனையில் இருந்த தங்கள் சிப்பாய்கள் அங்கிருந்தபடியே வாக்களிக்க வழி செய்தன. இன்று அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்சாஸில் 65 வயது, உடல் இயலாமை, வெளியூர்ப் பயணம் என்று ஏதாவது காரணம் வேண்டும். நியூஜெர்சியில் காரணமே கேட்பதில்லை. கலிபோர்னியாவில் எல்லா வாக்காளர் வீட்டுக்கும் சீட்டு தானாகவே வந்துவிடும்.

ஊரில் இல்லாதவரைக் கணக்கில் வைப்பது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, பர்மா, மலேயா, இலங்கை என்று போனவர்கள் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பவில்லை என்றாலும், நகரத்தார் கோவில் கணக்கில் அவர்கள் குடும்பம் ஒரு புள்ளிதான்; குடும்பத்தைப் புள்ளி என்றுதான் எண்ணுவார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளிவரியும் வாங்கினார்கள், உரிமையும் இருந்தது. வாக்காளர் பட்டியலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்: ஆள் எங்கே இருந்தாலும் பெயர் இங்கே இருக்கிறது.

மற்ற சொற்களுக்கு வருவோம். 'வோட்' லத்தீனில் நேர்ந்துகொள்வதைக் குறித்த 'வோட்டும்' என்பதிலிருந்து வந்தது. நாம் வைத்திருக்கும் வாக்கு வடமொழி வழி வந்த சொல். வாக்குக் கொடுத்தல் என்றால் உறுதி சொல்வது. 'பேலட்' இத்தாலியச் சிறு உருண்டை. வெனிஸில் அதைப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு அது சீட்டு. தபால், மராத்தியில் இன்றும் டபால்தான். அஞ்சல் என்ற பெயரில் திருவிதாங்கூர் அரசு தனித் தபால் துறையே நடத்தியது. 1951இல்தான் அது இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. இலங்கையில் தொடர் ஓட்டத்தை இன்றும் அஞ்சலோட்டம் என்கிறார்கள். ஆனால் தேர்தல் என்று வந்தால் அங்கே 'தபால் மூல வாக்களிப்பு'. நம் ஊரில் எழுத்தில் தபால் வாக்கு, பேச்சில் தபால் ஓட்டு. அஞ்சல் வாக்கும் நல்ல தமிழ்தான்.

ஆனால் நம் நாட்டில் இப்போது தபாலே இல்லாத தபால் வாக்கும் உண்டு. 2019இல் விதியைத் திருத்தி, 80 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்தார்கள். 2024 மார்ச்சில் அந்த வயதை 85 ஆக்கினார்கள். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் அதற்கான விண்ணப்பமான 12டி படிவம் கொடுக்க வேண்டும். அப்புறம் அலுவலர்கள் வீடு தேடி வருவார்கள். வீடியோ எடுப்பவரும் போலீசும் கூட வருவார்கள். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரு மேசையைப் போட்டு மறைப்பு அட்டையை நிறுத்தினால் அதுவே சாவடி. ஆச்சி பேனாவால் குறியிட்டு, சீட்டை மடித்துச் சின்ன உறையில் போட்டு ஒட்டுவார். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து. அந்தப் படிவமும் சின்ன உறையும் பெரிய உறைக்குள் போகும். உறுதிமொழியைச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டிவிடக் கூடாது. எண்ணும்போது முதலில் அதைத்தான் தேடுவார்கள். வெளியே இல்லாவிட்டால் சின்ன உறையைப் பிரிக்காமலே ஓட்டைத் தள்ளிவிடுவார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்து சரியாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2016 ராதாபுரம் சட்டமன்றத் தொகுதித் தேர்தல் சாட்சி. வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. வாக்காளரின் கையெழுத்துக்குச் சான்றொப்பம் போட்டவருக்குத் தகுதி இல்லை என்று தள்ளிய தபால் ஓட்டு 203. அவற்றை எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட 2019 ஆனது.

இன்னொன்று: வீட்டு வாக்குக்கு ஒப்புதல் ஆகிவிட்டால் பட்டியலில் பெயருக்கு நேரே அதைக் குறித்துவிடுவார்கள். பிறகு மனசு மாறி சாவடிக்குப் போனால் அனுமதி கிடையாது.

சரி, ஆப்சென்டீக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வராதவர் வாக்கு என்றால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர் மாதிரி கேட்கிறது. நடக்க முடியாத ஆச்சியை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. காரணம் கேட்டுக் கொடுக்கும் இடத்தில் 'வர இயலாதோர் வாக்கு' என்றும், காரணம் கேட்காத இடத்தில் 'வாராதோர் வாக்கு' என்றும் எழுதலாம். தபாலில் போனால் மட்டும் தபால் வாக்கு. நாளுக்கு முன்னே நேரில் போய்ப் போட்டால் முன்வாக்களிப்பு. ஆச்சி போட்டதற்கு 'வீட்டு வாக்கு' போதும்; கேட்டவுடன் புரியும்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் எதுவும் இல்லை. 2010இல் வந்த சட்டத் திருத்தத்தால் அவர்கள் 6ஏ படிவம் கொடுத்து ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர்ச் சாவடிக்கு நேரில் வந்து நிற்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் அதற்காக விமானம் ஏறி வர முடியுமா? அதே சிங்கப்பூர் தன் குடிமக்களுக்கு 2023 அதிபர் தேர்தலிலேயே வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வாக்களிக்க வழி செய்துவிட்டது. நம் படைவீரர்களுக்கு வாக்குச்சீட்டை மின்வழியில் அனுப்பும் முறை 2016இலிருந்தே இருக்கிறது. அதை வெளிநாட்டு இந்தியருக்கும் விரிக்கலாம் என்று 2020இல் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. அதைச் சீக்கிரம் செய்ய வேண்டும்.