கம்பெனி சேர்ந்தால் பாக்ஸும் சேருமா?

டிஷ் டிவியும் வீடியோகான் டி2எச்சும் 2018 மார்ச்சில் ஒரே கம்பெனி ஆகிவிட்டன. முதலாளி ஒருவர்தான் என்றான பிறகு இந்த பாக்ஸில் அந்தக் கார்டைச் செருகினால் படம் வர வேண்டியதுதானே என்று கேட்டால், வராது. காரணம் மொட்டை மாடியில் ஆரம்பித்து பாக்ஸுக்குள் இருக்கும் சிப்பில் போய் முடிகிறது.

முதலில் திசை. டிஷ் டிவி 95 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து ஒளிபரப்பியது, டி2எச் 88 டிகிரியில் நிற்பதிலிருந்து. இரண்டுமே நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில். ஏழு டிகிரிதானே, லேசாகத் திருப்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் சென்னையிலிருந்து பார்த்தால் இரண்டும் நன்றாக உச்சிப் பக்கமாகவே நிற்கின்றன, அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக டிஷ்ஷைப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 18 டிகிரி திருப்பி, சாய்வையும் ஐந்து டிகிரி மாற்ற வேண்டும். 60 செ.மீ. டிஷ் ஒரு நேரத்தில் பார்ப்பது வானத்தில் சுமார் மூன்று டிகிரி அகலம்தான், கொஞ்சம் தள்ளிப் பார்த்தாலும் சிக்னல் சுத்தமாகப் போய்விடும்.

டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, சிக்னலைப் பிடித்து கேபிளில் பாக்ஸுக்கு அனுப்பும் எல்.என்.பி. அடுத்தது. பாக்ஸ் அதே கேபிள் வழியாக 13 வோல்ட் அனுப்பினால் அது செங்குத்து அலைகளைப் பிடிக்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகளை. இந்த ஏற்பாடு இரண்டு கம்பெனிக்கும் பொது. ஒரே டிஷ்ஷில் இரண்டு எல்.என்.பி. மாட்டி, நடுவே ஒரு ஸ்விட்ச் வைத்தால் இரண்டு செயற்கைக்கோளும் கிடைக்கும். ஆக, மாடியில் இருக்கும் சிக்கலை ஒரு டெக்னீஷியன் வந்து தீர்த்துவிடலாம்.

வானமே ஒத்துவராத கதையும் உண்டு. பிரிட்டனில் 1990 நவம்பரில் ஸ்கை, பி.எஸ்.பி. என்ற இரண்டு போட்டி நிறுவனங்கள் இணைந்தன. ஒன்று 19.2 டிகிரி கிழக்கில், மற்றது 31 டிகிரி மேற்கில். ஸ்கை அனுப்பியது பால் (PAL) என்ற சாதாரண டிவி முறை, பி.எஸ்.பி. அனுப்பியது டி-மேக் (D-MAC) என்ற வேறு முறை. அலைகள்கூட ஒன்றில் நேராக வரும், மற்றதில் சுழன்று வரும். பி.எஸ்.பி.யின் பெருமையாக இருந்த தட்டையான சதுர ஆன்டெனா கடைசியில் சுவரில் சும்மா தொங்கியது, அதன் செயற்கைக்கோள்கள் ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் விலை போயின.

நம்மூர் இணைப்பில் தகராறு பாக்ஸுக்குள்தான். டிஷ் டிவி 2003-இல் தொடங்கியபோது படத்தைச் சுருக்கி அனுப்ப எம்பெக்-2 என்ற முறைதான் நடைமுறை, 2009-இல் வந்த டி2எச் நேராக அடுத்த தலைமுறையான எம்பெக்-4-க்குப் போய்விட்டது. படத்தை விரித்துக் காட்டும் வேலை சிப்பிலேயே பொறிக்கப்பட்டது என்பதால் பழைய பாக்ஸுக்கு அப்டேட் அனுப்பி எம்பெக்-4 கற்றுக்கொடுக்க முடியாது. புதிய பாக்ஸால் பழையதைப் படிக்க முடியும், ஆனால் அங்கே பூட்டு குறுக்கே நிற்கும்.

அந்தப் பூட்டு ரொம்ப சாமர்த்தியமானது. சேனலைக் கலைத்துப்போடும் சாவி பெரும்பாலும் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாவியும் மறைகுறியாக்கப்பட்டு சேனலோடு சேர்ந்தே வரும், அதைத் திறக்கும் ரகசியம் கார்டில் இருக்கும், கார்டோ பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பாக்ஸோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். பாக்ஸின் மென்பொருளும் கம்பெனியின் கையொப்பம் இல்லாமல் ஏறாது. நாம் கார்டை மாற்றிச் செருகுவது இத்தனையையும் தாண்ட வேண்டும்.

இதற்கும் வழி இருக்கிறது, சைமல்கிரிப்ட் என்று பெயர். சேனல் ஒன்றுதான், ஒரே சாவியால்தான் கலைக்கப்படும், ஆனால் அந்தச் சாவியை இரண்டு வெவ்வேறு உறைகளில் வைத்து அனுப்புவார்கள். இரண்டு கம்பெனி பாக்ஸும் தன் தன் உறையைப் பிரித்துக்கொள்ளும். இணைந்த நிறுவனம் ஒரே சேனலை இரண்டு செயற்கைக்கோள்களில் இரண்டு தடவை ஏற்றி இரட்டை வாடகை கட்டாமல் இருக்க இதுதான் சரியான கருவி. ஆனால் அதற்கு எல்லா டிஷ்ஷும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், பழைய எம்பெக்-2 பாக்ஸ்கள் அத்தனையும் கழிய வேண்டும். கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்பும் செலவை நினைத்தால், இரண்டு பெயரிலும் தனித்தனியே ஓட்டுவதே லாபம் என்று அவர்கள் முடிவெடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எந்த பாக்ஸும் எந்த கம்பெனிக்கும் ஓட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. டிடிஎச் பாக்ஸில் மாற்றுக் கம்பெனியின் பூட்டுத் தொகுதியைச் செருக ஒரு துளை வைக்க வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அந்தத் தொகுதியை வாங்கும் காசைப் பார்த்தால் புது பாக்ஸே வாங்கிவிடலாம் போல இருந்ததால் யாரும் அதைச் சீண்டவில்லை.

சரி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறீர்கள் என்றால் டிஷ்ஷையும் கேபிளையும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், எல்.என்.பி.யும் பெரும்பாலும் ஒத்துவரும். காசு கொடுக்க வேண்டியது பாக்ஸுக்கும், மேலே ஏறி டிஷ்ஷைத் திருப்புகிறவருக்கும்தான்.