ஏஎம்எச் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

நுங்கம்பாக்கம், வடபழனி பக்கம் குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போய் வருகிறவர்களின் ஃபைலைத் திறந்தால், முதல் சில தாள்களிலேயே ஏஎம்எச் (ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன்) என்ற ரத்தப் பரிசோதனை இருக்கும். கருமுட்டை இருப்பைக் காட்டும் டெஸ்ட் என்பார்கள். ஆனால் அது முட்டைகளை நேரடியாக எண்ணுவதில்லை.

ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதற்குமான முட்டைகள் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதக் கருவில் 60, 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். அதில் வெளிவருவது 400, 500 தான். மீதியெல்லாம் தானாகச் சுருங்கி மறையும். கர்ப்பமோ கருத்தடை மாத்திரையோ இதை நிறுத்தாது.

தூங்கும் முட்டைகள் ஏஎம்எச் சுரப்பதில்லை. தினமும் சில விழித்து வளரத் தொடங்கும். அவற்றைச் சூழ்ந்த சிறு ஃபாலிக்கிள்களின் (முட்டைப் பைகளின்) செல்கள்தான் ஏஎம்எச் சுரக்கின்றன. கையிருப்பு அதிகமென்றால் விழிப்பதும் அதிகம். ஃபாலிக்கிள் எட்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் சுரப்பு அடங்கிவிடும். அதனால் மாதாமாதம் பெரிதாகும் ஃபாலிக்கிளால் அளவு அதிகம் மாறாது, மாதச் சுழற்சியின் எந்த நாளிலும் இந்த டெஸ்ட் எடுக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முட்டைகள் பிறந்ததிலிருந்து குறைந்துகொண்டே வந்தாலும், ஏஎம்எச் ஏறத்தாழ 25 வயது வரை கூடுகிறது. அதன் பிறகுதான் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. ஆகவே 19 வயதுப் பெண்ணின் அளவைப் பார்த்துப் பதறுவது அர்த்தமில்லாத வேலை.

ஃபாலிக்கிள்களை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச் கதை வேறு. சிறு ஃபாலிக்கிள்கள் சுரக்கும் இன்ஹிபின் பி என்ற ஹார்மோன், எஃப்எஸ்எச்சைச் சுரக்கும், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி வைக்கிறது. அது குறைந்ததும், பதில் வராத வீட்டுக் கதவைப் பலமாகத் தட்டுவதுபோல, பிட்யூட்டரி எஃப்எஸ்எச்சைக் கூட்டும். இது பெரும்பாலும் தாமதமாக வரும் அறிகுறி. அதை மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். எஸ்ட்ராடியோல் கூடியிருந்தால் எஃப்எஸ்எச் பொய்யாகக் குறைந்து தெரியும்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். முதலில் அலகைப் பாருங்கள். ஒரு லேபில் மில்லிலிட்டருக்கு 1.2 நானோகிராம் என்றிருப்பது இன்னொன்றில் லிட்டருக்கு 8.6 பிகோமோல் என்றிருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் அளவு ஏறும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இறங்கும்.

ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய் சிகிச்சையில் போடும் ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க ஏஎம்எச் நன்றாக உதவும். முட்டையின் தரம் அதில் தெரியாது. அதைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயது அமெரிக்கப் பெண்களிடம் நடந்த, 2017இல் வெளியான ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள்.