லினக்ஸை நிறுவுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு அருகில் நான் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு ஒரே கேள்வியுடன் பலர் வரத் தொடங்கினார்கள். “தம்பி, மெஷின் நல்லாத்தான் ஓடுது. ஆனா விண்டோஸ் 11 போட முடியாதுன்னு வருது. தூக்கிப் போட்டுடணுமா?” என்று கேட்பார்கள். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். 2014, 2015இல் வாங்கிய மடிக்கணினிகளில் அவை இல்லை. மற்றபடி அவற்றின் திரை, விசைப்பலகை, நினைவகம் எல்லாம் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. அந்தக் குவியலில் இப்படி நல்ல உடலோடு இருக்கும் கணினிகளையும் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள் என்பதுதான்.

அந்தப் பதிலோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்வேன். இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதற்காகத்தான். லினக்ஸ் போட முயன்று தரவை இழந்து என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்குக்கூட லினக்ஸால் அந்த இழப்பு நேரவில்லை. நிறுவுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டதால்தான் நேர்ந்தது.

முதலில் லினக்ஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் படித்துப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்க க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் அத்தகைய ஓர் இயங்குதளத்துக்குத் தேவையான கருநிரலை, அதாவது வன்பொருளுக்கும் மென்பொருள்களுக்கும் நடுவே நிற்கும் மையப் பகுதியை எழுதி இணையத்தில் வெளியிட்டார். இரண்டும் இணைந்து, அவற்றோடு உலாவி, அலுவலக மென்பொருள், திரைத்தோற்றம் ஆகியவற்றைச் சேர்த்துப் பல குழுக்கள் தரும் தொகுப்புகளையே நாம் லினக்ஸ் வழங்கல்கள் என்கிறோம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் எல்லாம் அப்படிப்பட்டவைதான். எதைத் தேர்ந்தெடுப்பது என்று வாரக்கணக்கில் தடுமாற வேண்டியதில்லை. விண்டோஸ் பழகிய கைகளுக்கு நான் லினக்ஸ் மின்டையே தருகிறேன். கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று அதன் திரை பழக்கமான இடங்களிலேயே பழக்கமானவற்றை வைத்திருக்கிறது. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்ட அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் கிடைக்கும். நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்றால் மின்டிலேயே இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பு தாராளமாக ஓடும். பழைய சுழலும் வன்தட்டு இன்னும் உள்ளே இருந்தால், அதை மாற்றிச் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வட்டு ஒன்றைப் போடுவதே எந்த இயங்குதளத்துக்கும் முதல் மருந்து.

இனி அந்த ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன்.

கணினி உங்களுடையதுதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இருக்கும் கற்றல் சாதனங்களில் பள்ளியின் மேலாண்மைச் செயலி நிறுவப்பட்டிருக்கும். அவற்றை அழித்து வேறு இயங்குதளம் போடக் கூடாது. பள்ளி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் பிள்ளைதான். அலுவலகம் கொடுத்த மடிக்கணினிக்கும் இதே விதி பொருந்தும். வீட்டில் சும்மா கிடக்கும் சொந்தக் கணினியில் மட்டும் கை வையுங்கள்.

அடுத்தது, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுப்பது. ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையை வெளிவட்டில் நகலெடுத்துவிட்டு வேலை முடிந்ததாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். முகப்புத் திரையில் கிடக்கும் கோப்புகள், பதிவிறக்கக் கோப்புறை, உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள், கணக்கு மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் கோப்புறை ஆகியவை நினைவுக்கு வருவதில்லை. தமிழர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டுமுறை வருவதற்கு முன்பு தட்டச்சு செய்த சங்க மலர்களும் திருமண அழைப்பிதழ்களும் கோயில் விழா நிகழ்ச்சி நிரல்களும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்துதான் தெரியும். ஆகவே கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து நகலெடுங்கள். லினக்ஸில் அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவிக்கொண்டால் பழைய மலர் பழையபடி தெரியும். நகலெடுத்தபின் வெளிவட்டை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, வட்டில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு உள்நுழைந்த உடனேயே வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது; உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. ஒரு மாலை, ஓர் அம்மையார் மகனோடு கடைக்கு வந்தார். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். காணொளி ஒன்றைப் பார்த்து, லினக்ஸ் போடுவதற்காக, கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் அமைப்பில், செக்யூர் பூட் என்னும் துவக்கப் பாதுகாப்பை அணைத்திருக்கிறார். அவ்வளவுதான் செய்திருக்கிறார். மறுமுறை கணினியைத் திறந்தபோது நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிட்டது. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் கணினியை விற்ற கடைக்காரரே வாங்கிய அன்று ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டுக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருந்தார். அது என்ன மின்னஞ்சல் என்று இருவருக்கும் தெரியவில்லை. “இவன் அப்பா எடுத்த போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு தம்பி” என்று மட்டும் அந்த அம்மா சொன்னார். பயாஸில் மகன் மாற்றிய அந்த ஓர் அமைப்பை முன்பிருந்தபடியே திருப்பி வைத்தேன். விண்டோஸ் எதையும் கேட்காமல் திறந்துகொண்டது. அந்தத் தம்பி கூடுதல் ஆர்வத்தில், வட்டின் பூட்டைத் திறக்க உதவும் டி.பி.எம். சில்லின் உள்ளடக்கத்தையும் அழித்திருந்தால் என்னால் எதுவும் செய்திருக்க முடியாது.

எனவே விண்டோஸ் அமைப்புகளுக்குள் சென்று, வட்டு மறையாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுவதானால் மறையாக்கத்தை முழுமையாக நீக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. செக்யூர் பூட் இயங்கும் நிலையிலேயே மின்ட் பெரும்பாலும் துவங்கிவிடும் என்பதால், தேவை வந்தாலன்றி அதைத் தொட வேண்டாம்.

தரவு பத்திரமானதும் 8 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு தம்ப் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள்; அதில் இருப்பவை அழிந்துபோகும். லினக்ஸ் மின்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நிறுவல் தொகுப்பு முழுவதும் அடங்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்னும் மென்பொருள் மூலம் தம்ப் டிரைவில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன், கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்.எச்.ஏ.256 எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 2016 பிப்ரவரி 20ஆம் தேதி மின்டின் சொந்தத் தளத்துக்குள்ளேயே ஊடுருவிய சிலர், வெளியாள் திருட்டுத்தனமாக நுழையப் பின்கதவு வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

தம்ப் டிரைவைச் செருகி, விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கத்தைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் வரும்; அதில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தால், எந்தச் சாதனத்திலிருந்து துவங்குவது என்று கேட்கும். அங்கே தம்ப் டிரைவைத் தேர்ந்தால் லினக்ஸ் முழுவதும் அதிலிருந்தே ஓடும்; வன்தட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. புதியவர்களுக்கு லினக்ஸ் தரும் மிகப் பெரிய வசதி இதுதான் என்பேன். இரண்டு மூன்று நாள்கள் இப்படியே பயன்படுத்திப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் திரை மீள்கிறதா, வீட்டு அச்சுப்பொறியில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று சோதியுங்கள். மத்திய சேமநிதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத் தளங்களைத் திறந்து, கைப்பேசியில் அரசுத் தளங்களில் நுழைய உதவும் சிங்பாஸ் செயலியால் கியூஆர் குறியீட்டை வருடி உள்நுழையுங்கள். உலாவிதான் வேலையைச் செய்கிறது என்பதால் இயங்குதளம் எதுவானாலும் அது நடக்கும். சில பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு மட்டும் இயக்கி மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். அதுவரை ஆண்டிராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தால்தான் நிறுவும் சின்னத்தைச் சொடுக்க வேண்டும். நடுவில் ஒரு திரை வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா, வட்டையே அழித்து நிறுவுவதா என்று கேட்கும். ஓய்வுபெற்ற ஒருவருக்கு உறவுக்காரப் பையன் உதவி செய்யப்போய், இந்தத் திரையைப் படிக்காமல் இரண்டாவதைத் தேர்ந்துவிட்டான். பதினோரு ஆண்டுப் புகைப்படங்கள் அதில் இருந்தன. சுழலும் வன்தட்டாக இருந்திருந்தால் சிலவற்றையாவது மீட்டிருக்கலாம். அதுவோ எஸ்.எஸ்.டி. லினக்ஸ் புதிதாக வடிவமைக்கும்போது, பழைய பகுதிகள் இனி வேண்டாம் என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிவிடுகிறது; அதுவும் அவற்றை உடனே வெறுமையாக்கிவிடுகிறது. மூன்று நாள் முயன்று, ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இன்று வரை அந்தத் திரை வரும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.

நிறுவியதும் தமிழைச் சேர்த்துவிடுங்கள். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 ஏற்கெனவே இருக்கிறது, சேர்த்தால் போதும். ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தொலி வழியே தட்டச்சு செய்து பழகியவர்கள் ஐபஸ் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவிக்கொண்டால் அதுவும் கிடைக்கும். கணினித் தமிழுக்கு இந்தத் தீவு கொடுத்தது சிறிதன்று. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கினார். 1997இல் முதல் தமிழிணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்த உழைப்பின் தொடர்ச்சியாகவே இன்று எந்த லினக்ஸ் கணினியிலும் செலவின்றித் தமிழ் எழுத முடிகிறது. ஒன்றை மட்டும் எதிர்பார்த்திருங்கள்: லதா போன்ற மைக்ரோசாஃப்ட் எழுத்துருவில் அமைத்த ஆவணத்தை மின்டோடு வரும் அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் நோட்டோ அல்லது லோகித் எழுத்துரு அதன் இடத்தில் வந்து உட்காரும், வரிகள் நகர்ந்து பக்கங்கள் கூடலாம். பிறருக்கு அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிடுவது நல்லது.

போட்டோஷாப், பிரீமியர் ஆகியவற்றை நம்பித் தொழில் செய்பவர்களுக்கும், விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கேட்கும் இணைய விளையாட்டுகளை ஆடும் பிள்ளைகளுக்கும் முதன்மைக் கணினியில் லினக்ஸ் போட வேண்டாம் என்றே சொல்கிறேன். மின்னஞ்சல், காணொளி, கடிதம், ஜூம் சந்திப்பு, இணைய வங்கி ஆகியவையே வேலை என்றால் தயங்க வேண்டியதில்லை.

லினக்ஸில் கிருமி வராது, இனி எதற்கும் பயமில்லை என்று சொல்லிக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். வங்கியிலிருந்து அழைப்பதாகச் சொல்பவரிடம் நீங்களே ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓ.டி.பி.) கொடுத்தால் எந்த இயங்குதளமும் தடுக்காது. சந்தேகம் வந்தால் 1799க்கு அழைத்து, சிங்கப்பூரின் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டு உதவித் தொலைபேசியில் கேளுங்கள். மென்பொருள்களை மின்டின் மென்பொருள் மேலாளரிலிருந்தே எடுங்கள். இணையத்தில் யாரோ எழுதிய, ‘சுடோ’ என்று தொடங்கும் கட்டளையைப் பொருள் புரியாமல் ஒட்டி இயக்காதீர்கள். அந்த ஒரு சொல்லின் வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் அதற்குக் கொடுத்துவிடுகிறீர்கள். நிறுவிய முதல் நாளே டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு பதிவு எடுத்துவிட்டால், ஏதாவது கெட்டாலும் அந்த நாளின் நிலைக்குத் திரும்பலாம். அது கணினி அமைப்பைத்தான் காப்பாற்றும். உங்கள் படங்களுக்கும் கடிதங்களுக்கும் வெளிவட்டு நகல் தொடர்ந்து வேண்டும்.

நிறுவி முடித்தபின் அந்தத் தம்ப் டிரைவை வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். அதன் மேல் ஒரு சிறு தாளை ஒட்டி, ‘லினக்ஸ் மின்ட்’ என்றும் தேதியும் எழுதி மேசை இழுப்பறையில் போட்டுவையுங்கள். என்றாவது ஒரு நாள் கணினி துவங்க மறுத்தால், அதைச் செருகித் துவக்கி, உள்ளே இருக்கும் கோப்புகளை வெளிவட்டுக்கு நீங்களே நகலெடுத்துவிட்டு, பிறகு கடைக்குக் கொண்டு வரலாம்.