ஏஐ கேம் மாஸ்டர்: கதையை அதனிடம் விடுங்கள், பகடையை விடாதீர்கள்

சாட்ஜிபிடியோ ஜெமினியோ கிளாடோ, எதில் வேண்டுமானாலும் "எனக்கு கேம் மாஸ்டராக இரு" என்று ஒரு வரி தட்டினால் போதும். இருண்ட காடு, பாழடைந்த கோட்டை, எதையோ மறைக்கும் சத்திரக்காரர் என்று ஆட்டம் உடனே தொடங்கிவிடும். முதல் அரை மணி நேரம் பிரமாதமாகப் போகும். பிறகு, விற்றுவிட்ட வாள் இடுப்பில் மறுபடி தொங்கும். செத்துப்போன காவலன் வந்து கதவைத் திறப்பான். நீங்கள் எதை முயன்றாலும் ஜெயிப்பீர்கள். புதிதாக ஆட வருபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் மேசை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்த நாளிலிருந்து, இந்த வகை ஆட்டங்களை நடத்துபவரான கேம் மாஸ்டருக்கு மூன்று வேலைகள் உண்டு: கதை சொல்வது, தீர்ப்புச் சொல்வது, கணக்கு வைப்பது. சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரி முதல் வேலையில் கெட்டிக்காரன். மற்ற இரண்டையும் அதை நம்பி விட முடியாது. இதுவரை எழுதப்பட்டதைப் பார்த்து அடுத்து என்ன வந்தால் பொருந்தும் என்று எழுதிக்கொண்டே போவதுதான் அதன் இயல்பு. நீங்களாக ஏற்பாடு செய்யாதவரை அதனிடம் தனியாக ஒரு பேரேடு கிடையாது, உருட்டுவதற்குப் பகடையும் கிடையாது. ஜிபிடி-2 என்ற பழைய மாதிரியை வைத்து 2019 டிசம்பரில் ஏஐ டஞ்சன் 2 என்ற கதை ஆட்டம் வந்தபோது இந்த மறதி சில பத்திகளிலேயே தெரிந்துவிடும். இன்றைய மாதிரிகளில் அது தாமதமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தொடக்கக் கட்டளையை நீட்டி முழக்க வேண்டாம். பதினைந்து வரிக்குள் அடங்க வேண்டும். கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொண்டு கதைக்களத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்:

"நீ கேம் மாஸ்டர். களம்: ஒரு சிறிய துறைமுக ஊர். கலங்கரை விளக்கக் காவலர் இரண்டு நாளாகக் காணவில்லை. என் கதாபாத்திரம் என்ன செய்கிறது, பேசுகிறது, நினைக்கிறது என்பதை நீ எழுதாதே. ஒவ்வொரு பதிலும் 120 சொல்லுக்குள் இருக்கட்டும். தேர்வுப் பட்டியல் தராதே; 'என்ன செய்கிறாய்?' என்று கேட்டு நிறுத்து. தோற்றால் ஆபத்து உண்டு என்ற இடத்தில் மட்டும் பகடை கேள். பகடையை நான் உருட்டுவேன். தோல்வி வந்தால் இழப்பு உண்மையாக இருக்கட்டும். என் கதாபாத்திரம் சாகலாம். இரட்டை அடைப்புக்குறிக்குள் நான் எழுதுவது ஆட்டத்துக்கு வெளியே பேசுவது."

இதில் எந்த வரியை விட்டாலும், என் கதாபாத்திரம் செய்வதை நீ எழுதாதே என்ற தடையை மட்டும் விடக் கூடாது. அது இல்லாவிட்டால் மூன்றாவது பதிலிலேயே உங்கள் ஆளுக்குப் பதிலாக அதுவே முடிவெடுத்து, கதவையும் திறந்து, உள்ளேயும் போய்விடும். தமிழில் ஆடுபவர்கள் இன்னொரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது: யார் யாரை நீ என்பார், யார் யாரை நீங்கள் என்பார் என்று. சொல்லாவிட்டால் அரசன் திருடனை "நீங்கள்" என்பான், எல்லாரும் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார்கள்.

இனி பகடை. "நீயே உருட்டு" என்றால் அது உருட்டுவதில்லை, கதைக்குப் பொருத்தமான ஓர் எண்ணை எழுதுகிறது. இந்த ஆட்டங்களில் வழக்கமான இருபது பக்கப் பகடையில் (டி20), உச்சக்கட்டம் வந்தால் 20 விழும். 1, 2 அபூர்வம். நிரல் இயக்கும் வசதியுள்ள செயலியில் அதைக் கொண்டு உருட்டச் சொல்லலாம். நிரல் உண்மையிலேயே ஓடியதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், கையால் உருட்டுவது சுலபம்.

இருபது பக்கப் பகடை வீட்டில் இல்லையென்றால் பரவாயில்லை. லூடோ பெட்டியில் இருக்கும் சாதாரணப் பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் காரியம் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழ் தோல்வி. சாத்தியங்கள் மொத்தம் 36. அவற்றில் 6 முழு வெற்றி, 15 அரைவெற்றி, 15 தோல்வி. உங்கள் ஆள் தேர்ந்த வேலையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டால் அது 10, 16, 10 ஆக மாறும். அந்த அரைவெற்றிதான் ஏஐக்குத் தோதான இடம். பூட்டு திறந்தது, ஆனால் கம்பி உள்ளேயே உடைந்துவிட்டது என்பதுபோன்ற விளைவுகளை அது நன்றாகவே யோசிக்கும்.

டி20 முறையில்தான் ஆடுவேன் என்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: வெற்றிக்கு எட்ட வேண்டிய இலக்கு எண்ணை முதலில் சொல்ல வைத்துவிட்டுப் பிறகு உருட்டுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20. நீங்கள் 13 போட்டதைப் பார்த்த பிறகு இலக்கைக் கேட்டால் அது 12 என்று சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்தும். பயனரை மகிழ்விக்கும் இந்தச் சாய்வு மாதிரிகளின் பயிற்சியிலேயே ஊறியது. "கண்டிப்பாக இரு" என்று சொன்னால் சில பதில்களுக்குத் தாங்கும், பிறகு பழையபடிதான். விதிகளை நினைவிலிருந்து சொல்லவும் விடாதீர்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 விதியையும், திருத்தப்பட்ட 2024 விதியையும் கலந்து அடிக்கும். அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுங்கள்.

கணக்கு உங்கள் கையில் ஒரு நோட்டிலோ தனிக் கோப்பிலோ இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு வரி போதும்: உயிர்ப்புள்ளி, பணம், பையில் என்ன, எங்கே இருக்கிறோம், என்ன நேரம், சந்தித்த ஆட்கள் ஆளுக்கு ஒரு வரி, கொடுத்த வாக்குகள், தீராத கடன்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் இதை ஒட்டிவிட்டு ஆடுங்கள். உரையாடல் நீண்டால் பழைய பகுதி மாதிரியின் பார்வை எல்லைக்கு வெளியே போகும். போகாவிட்டாலும் நடுவில் கிடப்பது மங்கிவிடும். தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களாக, அதாவது மாதிரி படிக்கும் சிறு துண்டுகளாக, உடைவதால் நமக்கு இந்த எல்லை சீக்கிரமே வரும். "இதுவரை நடந்ததைச் சுருக்கு" என்று அதையே கேட்கலாம்தான். ஆனால் எண்களும் நிறைவேறாத வாக்குகளும்தான் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும், சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

துப்பறியும் கதை ஆடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கொலையாளி யார் என்பது எங்கேயும் எழுதப்படாதவரை அதற்கே தெரியாது. நீங்கள் யாரை அழுத்திச் சந்தேகிக்கிறீர்களோ அவரே குற்றவாளியாகிவிடுவார். ஆகவே விடையைத் தொடக்கத்திலேயே உரையாடலுக்குள் எழுதி வைக்கச் சொல்லுங்கள், உங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில், உதாரணமாக ஜார்ஜிய மொழியில். குழுவாக ஆடினால் விடையை எழுதும் பொறுப்பை ஆடாத நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

தவறு நடந்தால் அதனோடு சண்டை போடாதீர்கள். மன்னிப்பு, விளக்கம், திருத்தம் எல்லாம் உரையாடலிலேயே தங்கி அடுத்த பதில்களையும் கெடுக்கும். உங்கள் கடைசிச் செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். தவறு இருந்த தடமே போய்விடும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சேர்ந்து ஆடுபவர்களுக்கு மூன்று அல்லது நான்கு பேர் சரியான அளவு. எல்லாருடைய செயலையும் பெயரோடு திரட்டி ஒரே செய்தியாக ஒருவர் அனுப்ப வேண்டும். ஆளாளுக்கு அனுப்பினால், அதிகம் எழுதுபவரே கதாநாயகன் ஆகிவிடுவார்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். ஆட்டத்தில் எது வரவே கூடாது, எது நேரடியாகக் காட்டாமல் கடந்துபோக வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது மனிதர்கள் நடத்தும் மேசைகளில் பழைய வழக்கம். ஏஐயிடம் அதைத் தொடக்கக் கட்டளையிலேயே எழுதுங்கள். நீங்கள் தட்டும் கதை அந்தரங்கமானது என்றும் நினைக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் ஏஐ டஞ்சன் புதிய வடிகட்டியைக் கொண்டுவந்தபோது, அதில் சிக்கும் தனிப்பட்ட கதைகளை ஊழியர்கள் படிக்கக்கூடும் என்று தெரிந்து பயனர்கள் கொதித்தார்கள். உண்மையான நண்பர், ஆசிரியர் பெயரைக் கதாபாத்திரத்துக்கு வைக்காதீர்கள். அமைப்புகளில் பயிற்சிக்குத் தரவு தரும் பொத்தானை அணைத்துவிட்டு ஆடுங்கள்.

பிள்ளைகள் ஆடினால் பெற்றோர் பார்க்க வேண்டியது வன்முறைக் காட்சியை விட நேரத்தையும் பிணைப்பையும்தான். மனித கேம் மாஸ்டர் மூன்று மணி நேரத்தில் களைத்து எழுந்துவிடுவார். இது எழாது. இரவு இரண்டு மணிக்கும் "என்ன செய்கிறாய்?" என்று கேட்கும். சாகசம் மெல்ல மெல்ல ஒரே கதாபாத்திரத்தோடு நடக்கும் காதல் பேச்சாக மாறுவதும் சகஜம். ஏஐ கதாபாத்திரங்களோடு அரட்டை அடிக்க வைக்கும் கேரக்டர் ஏஐ நிறுவனம் 2025 நவம்பரில் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடையற்ற உரையாடலை நிறுத்தியது இத்தகைய கவலைகளால்தான். 90 நிமிட மணி வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் கணக்கை எழுதி மூடுங்கள். கதாபாத்திரத்தின் வாயால் பிள்ளை தன் சொந்தத் துயரத்தைப் பேசத் தொடங்கினால் ஏஐ அதை வசனமாகவே எடுத்துக்கொண்டு கதையைத் தொடரக்கூடும். ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு நேரில் பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணும் இதற்காகவே இருக்கின்றன.