உறங்கும் வைரஸும் செயல்படாத மருந்தும்

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் பரிசோதனைக்குப் போகும்போது, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தின் காலை மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். முந்தைய இரவு போட்டது 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரத்தம் கொடுத்த பிறகுதான் அடுத்தது. அளவு குறைந்தால் உடல் புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தலைதூக்கலாம்.

1964-இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இருக்கிறது. எச்சில் வழியாக வந்து, பி செல் என்ற வெள்ளையணுக்களில் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். டி செல் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. டாக்ரோலிமஸ் கட்டிப்போடுவதும் அதே டி செல்களைத்தான். பிடி தளர்ந்தால் வைரஸ் குடியிருக்கும் பி செல்கள் கட்டுமீறிப் பெருகுகின்றன. சிலருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாகவே முற்றுகிறது. கழுத்தில் நெறி கட்டினால் நம் பக்கம் முதலில் காசநோயைத்தான் நினைப்போம். தவறில்லை, ஆனால் உறுப்பு மாற்றியவர் என்றால் இதையும் நினைக்க வேண்டும். சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

வைரஸ்தானே காரணம், அதைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தால் போதாதா? போதாது. அப்படிப்பட்ட மருந்தான கான்சிக்ளோவிர் உடலுக்குள் நுழையும்போது அரைகுறைப் பொருள்தான். அதில் மூன்று பாஸ்பேட் ஏற வேண்டும். முதல் பாஸ்பேட்டை ஏற்றுவது வைரஸின் சொந்த நொதி. மற்ற இரண்டைச் செல்லின் நொதிகள் பார்த்துக்கொள்ளும். மூன்றும் ஏறிய பிறகே அது வைரஸ் டிஎன்ஏ நகலெடுப்பதைக் கெடுக்கும். அசைக்ளோவிர் என்ற இன்னொரு வைரஸ் மருந்தும் இப்படித்தான். வைரஸ் தன் கையாலேயே தனக்கு நஞ்சு தயாரிக்கும் அருமையான ஏற்பாடு.

ஆனால் பெருகிவரும் பி செல்களில் வைரஸ் பெரும்பாலும் உறங்குகிறது. செல் பிரியும்போது செல்லின் நொதிகளே வைரஸின் டிஎன்ஏவையும் சேர்த்து நகலெடுத்துவிடுகின்றன. வைரஸ் தன் நொதியை உருவாக்குவதே இல்லை. மருந்து வந்த வேகத்திலேயே சிறுநீரில் போய்விடுகிறது.

ஆகவே முதல் வேலை, மருத்துவர் கண்காணிப்பில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் குறைப்பது. போதாவிட்டால் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப். இந்த வைரஸை அடையாளம் காணப் பழக்கிய டி செல்களைச் செலுத்தும் சிகிச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அனுமதி அளித்தது.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: வைரஸைத் தட்டியெழுப்பிவிட்டு அடிப்பது. ஆர்ஜினின் பியூட்டிரேட் என்ற மருந்தைக் கொடுத்தால் வைரஸ் விழித்து நொதியை உண்டாக்கும். உடனே கான்சிக்ளோவிருக்கு வேலை வந்துவிடும். 2007-இல் வெளியான சிறு ஆய்வில் 15 பேரில் 10 பேருக்கு இது பலன் தந்தது. வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.