உருவகப்படுத்துதல் அல்ல, ஒப்புருவாக்கம்

சேலத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்குத் தரப்படும் பயிற்சிக் குறிப்புகளில் 'விண்மீன் பரிணாம உருவகப்படுத்துதல் கருவி' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஒன்று நடப்பதைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் சிமுலேஷனுக்கு 'உருவகப்படுத்துதல்' என்ற சொல் பொருந்தவே பொருந்தாது.

சிமுலேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன். சிமிலிஸ் என்றால் 'போன்ற'. அதிலிருந்து வந்த சிமுலாரே, 'போலச் செய்'.

உருவகம் நாம் பள்ளியில் படித்த அணி. மதிமுகம் என்பது உவமை; மதி வேறு, முகம் வேறு. முகமதி என்றால் உருவகம்; முகமே மதியாகிவிடுகிறது. வேற்றுமையை நீக்குவதுதான் உருவகத்தின் வேலை. சிமுலேஷனில் நீங்கவே கூடாதது அந்த வேற்றுமைதான்!

ஏற்காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சிவந்த திருவாதிரையைக் காட்டலாம். அது மூப்படைவதைக் காட்ட முடியாது. சூரியன் போன்ற விண்மீன் மையத்து ஹைட்ரஜனை வைத்தே ஏறக்குறைய 1000 கோடி ஆண்டு ஓட்டும். அதைப்போல் 10 மடங்கு நிறை உள்ளதற்கும் 2, 3 கோடி ஆண்டு ஆகும். அதனால்தான் மெசா-வெப் போன்ற இணையக் கருவிகள் தேவைப்படுகின்றன. தொடக்க நிறையைக் கொடுத்தால் கணக்கிட்டு முடிவை மின்னஞ்சலில் அனுப்பிவிடும். ஆனால் அது விண்மீனைச் சீரான கோளமாக எடுத்துக்கொண்டு, மையத்திலிருந்து மேற்பரப்பு வரை அடுக்கடுக்காக மட்டுமே கணக்கிடுகிறது. உண்மை விண்மீனுக்குள் வாயு எல்லாத் திசையிலும் கொதித்துப் புரள்கிறது. 'இது விண்மீன் அல்ல, அதற்கு ஒப்பானது' என்பதை மாணவர் மறக்கக் கூடாது. உருவகம் என்று பெயர் வைத்தால் பெயரே மறக்கச் சொல்கிறது.

சரி, பாவனை என்றால் என்ன? அதில் நடிப்பு வாடை வீசுகிறது. ஈழத்தில் அதற்குப் பயன்பாடு என்றே பொருள். போலச்செய்தல் வேருக்கு நெருக்கமானது, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் அதிலிருந்து கருவிக்கு ஒரு பெயர் எடுக்க வராது. ஒப்புருவாக்கம் என்றால் ஒப்புருவாக்கு, ஒப்புருவாக்கி எல்லாம் தாமாகவே வருகின்றன. 'ஒப்பு' என்றாலே ஒப்பிட இரண்டு பொருள்கள் இருந்தாக வேண்டும். வகுப்பில் பேசும்போது 'கணினியில் ஓட்டிப் பார்ப்போம்' என்றாலே போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் எந்திரம் தரும் முதல் சொல்லை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் தொடரில் உள்ள பரிணாமமும் பொருந்தாத சொல்தான். உயிரினப் பரிணாமம் தலைமுறை தலைமுறையாக நடப்பது. இங்கே ஒரே விண்மீன் தன் ஆயுளுக்குள் மாறுகிறது. அதை விண்மீன் வாழ்க்கை என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.